4000 ஸ்டால் கேட்ட தம்பி

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். தோல் வியாபாரக் குடும்பம். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்டு மஸ்டாங் எடுத்திருக்கிறார்கள், 5 லிட்டர் வி8, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். "ண்ணா, 4000 ஸ்டால் கன்வெர்ட்டர் போட்டா வண்டி பிச்சிக்கினு போவும்னு சொல்றாங்க, ஆர்டர் போட்டுடட்டுமாண்ணா?" என்றான். கன்வெர்ட்டர் என்றால் டார்க் கன்வெர்ட்டர், ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்காரும் பாகம். போடாதே, வண்டியை எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு வா, உட்கார்ந்து பேசுவோம் என்றேன். வந்தான், ராத்திரி கடை சாத்துகிற நேரம் வரை பேசினோம். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இருபது வயதில் எனக்கு இதைத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு நல்ல கியர்பாக்ஸ் என் கையால் கெட்டிருக்காது. அந்தக் கதையும் கீழே வருகிறது.

நான் பஹ்ரைனில் ஒன்பது வருஷம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்த்தவன். அங்கே சாகிர் என்ற இடத்தில் 2004இல் திறந்த பெரிய பந்தயத் தளத்திலேயே டிராக் (drag) பந்தயம் ஓட்டவும் தனித் தடம் இருக்கிறது. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்க்கோடு. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். அந்தத் தடத்துக்குப் போகும் வண்டிகளைத்தான் நாங்கள் அதிகம் கட்டினோம். இப்போது சித்தூர் ரோட்டில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறேன், இன்னோவா, ஃபார்ச்சூனர், ஒன்றிரண்டு வெளிநாட்டு வண்டி என்று ஓடுகிறது.

முதலில் கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிளட்ச் வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் தகட்டோடு தகடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் நடுவே எண்ணெய் மட்டும்தான். இன்ஜின் சுற்றும் பக்கம் ஒரு சக்கரம், அதற்கு இம்பெல்லர் என்று பேர், அது எண்ணெயை வீசி அடிக்கும். எதிரே இருக்கும் டர்பைன் அந்த அடியை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுற்றும். கிராமத்தில் பம்புசெட் குழாயில் குளித்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் கையை நீட்டினால் கை பின்னால் தள்ளப்படும், உள்ளங்கையைக் குழிவாக வளைத்து, தண்ணீர் வந்த பக்கமே திரும்பிப் போகும்படி பிடித்தால் தள்ளல் இன்னும் பலமாக இருக்கும். டர்பைனின் இறக்கைகள் வளைந்திருப்பது அதற்காகத்தான். அப்படித் திரும்பி வரும் எண்ணெய் இம்பெல்லருக்கு எதிராக மோதிவிடக் கூடாது என்று நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரத்தை வைத்து எண்ணெயின் திசையை மாற்றுகிறார்கள். அந்த மூன்றாவது சக்கரத்தால்தான் இன்ஜின் கொடுக்கும் முறுக்குவிசை, கிளம்பும் நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகி டயருக்குப் போகிறது. 1905இல் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் கப்பலுக்காக இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். கார்களுக்கு வந்ததெல்லாம் பிற்பாடு.

சரி, ஸ்டால். டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், இன்ஜின் ஒரு வேகம் வரை ஏறி, அதற்கு மேல் எண்ணெயை அடித்துச் சுழற்ற முடியாமல் அந்த வேகத்திலேயே நிலைத்துவிடும். அந்த ஆர்.பி.எம்தான் ஸ்டால் வேகம். சாதாரண வண்டிகளில் 2000ஐ ஒட்டி இருக்கும். கன்வெர்ட்டரின் விட்டத்தைக் குறைத்தால், இறக்கைகளின் கோணத்தையும் ஸ்டேட்டரையும் மாற்றினால் இது 3000, 4000, 5000 என்று ஏறும். 12 இன்ச் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் 10 இன்ச், 9 இன்ச் என்று சின்னதாகப் போடுவது அதனால்தான்.

இங்கேதான் எல்லாரும் ஒரு தப்பு பண்ணுகிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் எண் கன்வெர்ட்டரின் குணம் என்று நினைத்துவிடுகிறார்கள், பன்னிரண்டு ஆம்ப் ஃபியூஸ் எங்கே போட்டாலும் பன்னிரண்டு ஆம்ப் என்பது போல. ஸ்டால் அப்படி நடந்துகொள்ளாது, பின்னால் எந்த இன்ஜின் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். முறுக்குவிசையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஸ்டாலும் ஏறும். 400 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் இன்ஜினுக்குப் பின்னால் 3000இல் நிற்கும் கன்வெர்ட்டரைக் கழற்றி மஸ்டாங்கின் 515 நியூட்டன் மீட்டருக்குப் பின்னால் மாட்டினால் 3400இல் போய் நிற்கும். ஒரே பொருள்தான், ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. தம்பி பார்த்து வைத்திருந்த 4000 எந்த இன்ஜினில் வைத்து அளந்த 4000 என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை, விற்கிறவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

இந்த வர்க்கமூலக் கணக்கு இன்னொரு பயத்தையும் தீர்த்துவைக்கும். 3000 ஸ்டால் போட்டால் 3000 வரை இன்ஜின் அலறினால்தான் வண்டி நகரும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அரைக்கால் ஆக்சிலேட்டரில் இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர்தான் கொடுக்கிறது என்றால், 400க்கு 3000 காட்டிய அதே கன்வெர்ட்டர் அப்போது 1500லேயே கடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் மெதுவாகக் கிளம்பும்போது வண்டி சாதாரணமாகவே கிளம்பும். ஆனாலும் கால் வைத்ததும் ஒட்டுகிற அந்தப் பிடிப்பு கொஞ்சம் குறையும், மேட்டில் நிற்கும்போது லேசாகப் பின்னால் உருளலாம், சின்ன ஓவர்டேக்குக்குக் கூட முதலில் சத்தம் ஏறும், இழுவை அரை நொடி தள்ளி வரும். "லூஸா இருக்கு" என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். சரியான சொல்.

அப்படியானால் டிராக்கில் இதை எதற்குப் போடுகிறார்கள்? ஸ்டாலைக் கூட்டினால் இரண்டு மடங்கு மூன்று மடங்காகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது கட்டாயம் கிடையாது, சில சமயம் குறையக்கூடச் செய்யும். லாபம் வேறு இடத்தில். ஒரு இன்ஜின் 2000இல் 350, 3500இல் 450 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 ஸ்டாலில் கிளம்பினால் இரட்டிப்பாகி 700 போகும், 3500 ஸ்டாலில் கிளம்பினால் 900 போகும். கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, மாற்றிய இன்ஜின்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது, ஏனென்றால் பெரிய கேம் கீழே இருக்கும் இழுவையை எடுத்துத்தான் மேலே கொடுக்கிறது, அந்த இன்ஜின் 2000இல் இருமிக்கொண்டே நிற்கும். கியர் மாறும்போதும் லாபம் உண்டு. 6500இல் மாற்றினால் ஊசி கீழே ஆழமாக விழாமல் பலம் இருக்கும் இடத்திலேயே தங்கும். இது தவிர, தடத்தின் முதல் 60 அடி, ஏறத்தாழ 18 மீட்டர், எப்படிப் போகிறது என்பதுதான் கடைசி நேரத்தையே முடிவு பண்ணும். அங்கே கைகொடுப்பது கன்வெர்ட்டர்தான்.

நம் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தை பிறந்ததும் வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்களில் காளை விடும் விழா ஆரம்பித்துவிடும். மதுரைப் பக்கம் மாதிரி அணைந்து பிடிப்பது இங்கே வழக்கம் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, காளையை வாடியிலிருந்து அவிழ்த்துவிட்டு, எல்லைக்கோட்டைத் தொட எவ்வளவு நேரம் எடுத்தது என்று விநாடிக் கணக்கில் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். முதன்முதலில் டிராக் பந்தயம் பார்த்தபோது எனக்கு இது புதுசாகவே தெரியவில்லை, சின்ன வயதில் அணைக்கட்டுப் பக்கம் அத்தை ஊரில் பார்த்ததுதானே என்று நினைத்தேன். வாடியில் நிற்கும் காளையைக் கவனித்திருக்கிறீர்களா? கயிறு விறைத்திருக்கும், பின்னங்கால் இரண்டும் மண்ணைப் பறித்து உள்ளே பதிந்திருக்கும், தொடை நடுங்கும், நகராது. முழு பலமும் கயிற்றின் மேல் நிற்கிறது. கயிறு உருவிய நொடியில் அது நடந்து, அப்புறம் ஓடி, அப்புறம் பாய்கிறதில்லை, முதல் எட்டே பாய்ச்சல்தான். அந்த விறைத்த கயிறுதான் ஸ்டால். டிராக் வண்டிகளில் இந்தக் கயிற்றுக்குப் பதிலாக டிரான்ஸ்பிரேக் என்று ஒன்று உண்டு, கியர்பாக்ஸுக்குள் முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒன்றாகப் பிடிக்கவைத்து வண்டியைக் கட்டிப்போடும், பட்டனை விட்டதும் ரிவர்ஸ் கழன்றுகொள்ளும். டிரான்ஸ்பிரேக் இல்லாத வண்டியில் கால் பிரேக்கில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் உண்மையான ஸ்டாலைத் தொடும் முன்பே பின் டயர் சுற்றிவிடும், அல்லது பிரேக்கையே மீறி வண்டி நகரும். அதனால் கால் பிரேக்கில் 2600 காட்டும் கன்வெர்ட்டர், உருண்டுகொண்டிருக்கும்போது சட்டென்று முழுக்க மிதித்தால் 3200 காட்டலாம். இரண்டும் ஒரே கன்வெர்ட்டரின் எண்கள்தான், அளந்த விதம் வேறு. இதை வைத்துச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விழாவில் இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். காளையை வாடியிலேயே ரொம்ப நேரம் நிறுத்திக் கூச்சல் போட்டால், அவிழ்க்கும் முன்பே நுரை தள்ளிக் களைத்துவிடும்.

வண்டியில் அந்தக் களைப்புக்குப் பேர் சூடு. இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கேட்கிறவர்கள் குறைவு. ஸ்டாலில் நிற்கும் வண்டி ஒரு இன்ச் நகரவில்லை, இன்ஜினோ முழு பலத்தோடு வேலை செய்கிறது, அந்தப் பலம் எங்கே போகும்? எண்ணெய்க்குள்தான் போகும். 500 நியூட்டன் மீட்டரை 3000 ஆர்.பி.எம்மில் பிடித்து நிறுத்தினால் 157 கிலோவாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 157ஐ ஒரே நேரத்தில் அந்த எட்டுப் பத்து லிட்டர் எண்ணெய்க்குள் முக்கியது போல. விநாடிக்குப் பத்து டிகிரியை ஒட்டி ஏறும். ஒர்க்‌ஷாப் புத்தகங்களில் ஸ்டால் டெஸ்ட் ஐந்து விநாடிக்கு மேல் பண்ணாதே என்று போட்டிருப்பது சும்மா இல்லை. டிராக்கில் இந்தச் சூடு சில விநாடிதான், ஓட்டி முடித்ததும் ஆற அரை மணி நேரம் கிடைக்கும். தெருவில் ஆறுவதற்கு நேரமே இல்லை. கன்வெர்ட்டர் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு சேர்ந்துகொண்டே இருக்கும். லூஸான கன்வெர்ட்டர் அதிக நேரம் வழுக்கும். சித்திரை வெயிலில் மதியம் வேலூர் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் நகர்ந்து நின்று நகர்ந்து நின்று போகும் வண்டியை நினைத்துப் பாருங்கள். வெளியே 42 டிகிரி, ரேடியேட்டருக்கு முன்னால் காற்றே இல்லை.

இப்போது என் கதை. பஹ்ரைனில் பழைய 5.7 லிட்டர் ஷெவர்லே கேப்ரிஸ் ஒன்று எங்கள் ஷாப்புக்கு வந்தது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அந்த ஊர்க்காரப் பையன் ஒருவனுடையது, தினமும் வேலைக்குப் போவதும் அதில்தான், வியாழன் ராத்திரி டிராக்குக்குப் போவதும் அதில்தான். இன்ஜினில் கேம் மாற்றவில்லை, கம்பெனி கேம்தான். அவன் கேட்டான் என்று 3600 ஸ்டால் போட்டேன், பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் ரேஷியோ 3.73 போட்டேன். எண்ணெய்க்குத் தனிக் கூலர் வைக்கவில்லை, ரேடியேட்டருக்குள் இருப்பதே போதும் என்று நான்தான் சொன்னேன். முதல் 60 அடி 2.1 விநாடியாக இருந்தது, 1.8க்கு இறங்கியது, அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆகஸ்ட் மாதம் வண்டி திரும்பி வந்தது. மூன்றாவது கியர் விழவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் பரவியது, நடுவில் கறுப்பாகப் பொடி நின்றது, தீய்ந்த வாசனை. பாக்ஸைப் பிரித்தால் மூன்றாவது, நான்காவது கியருக்கான கிளட்ச் தகடுகளில் மேல் ஒட்டே இல்லை, வெறும் இரும்பு. தடத்தில் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலைக்குப் போகும் வழியில்தான் வெந்து போயிருக்கிறது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கூலிக்குப் பைசா வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை 2800, முன்னால் பெரிய கூலர், எண்ணெய்ச் சூட்டுக்குத் தனி மீட்டர். 60 அடி 1.9 ஆனது. பத்தில் ஒரு விநாடிதான் போனது, நான் ஊர் திரும்பும் வரை அந்தப் பாக்ஸை மறுபடி பிரிக்க வேலை வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. தெருவிலும் ஓடும் வண்டிக்கு, மனசு கேட்கும் எண்ணில் இருந்து 500 ஆர்.பி.எம்மைக் கழித்துவிடுவேன். எண்ணெய் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி, 120ஐத் தாண்டினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், ஓரம் கட்டி நியூட்ரலில் போட்டு ஆறவிட வேண்டும்.

கன்வெர்ட்டர் அளவுக்கு மீறி லூஸா என்று தடத்திலேயே கண்டுபிடிக்கவும் ஒரு கணக்கு உண்டு. கோட்டைத் தாண்டும்போது 190 கிலோமீட்டர் வேகம், டயர் சுற்றளவு 2.1 மீட்டர், கியர் ஒன்றுக்கு ஒன்று, கிரவுன் 3.73 என்றால், வழுக்கலே இல்லாவிட்டால் இன்ஜின் 5625இல் சுற்ற வேண்டும். மீட்டர் 6050 காட்டினால் 7 சதவீதம் வழுக்குகிறது. ஐந்து முதல் எட்டு வரை நல்ல கன்வெர்ட்டர். பத்துக்கு மேல் போனால் கிளம்பும்போது கொடுத்ததைக் கடைசி நூறு மீட்டரில் திருப்பி வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இதைப் பேப்பரில் போட்டுக் காட்டியபோதுதான் தம்பி முகத்தில் தெளிவு வந்தது.

இப்போதைய வண்டிகளில் லாக்கப் கிளட்ச் இருக்கிறது, கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு தகடு வந்து இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடும், வழுக்கல் பூஜ்யம், சூடும் இல்லை. வாலாஜா டோல் தாண்டி பைபாஸில் நூறில் போகும்போது ஸ்டால் 2000ஆ 3000ஆ என்பதே தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் தெருவுக்கு ஆகாது என்று ஒதுக்கிய எண்களை இன்றைக்குப் போட முடிகிறது என்றால் காரணம் இதுதான். ஆனால் ஊருக்குள் முதல் இரண்டு கியரில் ஊர்ந்து போகும்போது லாக் பிடிக்காது, அங்கே பழைய கதையேதான். சிலர் லாக்கை ரொம்பச் சீக்கிரம் பிடிக்கும்படி கம்ப்யூட்டரில் மாற்றி வைக்கிறார்கள், அது அந்தச் சின்னத் தகட்டைத்தான் தேய்க்கும்.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபார்ச்சூனருக்கு ஹை ஸ்டால் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 2.8 லிட்டர் இன்ஜின் தன் முழு இழுவையை 1600லேயே கொடுத்துவிடுகிறது, அதை 3000க்கு ஏற்றி நிறுத்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, சூடுதான் மிச்சம். வேண்டாம்.

தம்பிக்குக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். வண்டி எடை, டயர் அளவு, கிரவுன் ரேஷியோ, கேம் மாற்றியிருக்கிறதா, மாதத்தில் எத்தனை நாள் தெரு எத்தனை நாள் தடம், எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, அதற்கு ஏற்றபடி கட்டிக் கொடுப்பவரிடம் வாங்கு என்றேன். நல்ல கன்வெர்ட்டர் கட்டுகிறவர் இதையெல்லாம் கேட்காமல் விலை சொல்ல மாட்டார். அவன் இன்ஜினுக்கு 2900ஐ ஒட்டி நிற்கும்படி ஒன்று வந்தது. 4000 கேட்டவனுக்கு 2900 என்றதும் கொஞ்சம் வாடித்தான் போனான்.

மாட்டும்போது பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். புதுக் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெயை முதலிலேயே ஊற்றி, பாக்ஸின் ஷாஃப்டில் செருகி, லேசாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். டக் என்று ஒரு தடவை இறங்கும், இன்னும் சுற்றினால் மறுபடி டக், கடைசியாக ஒரு டக். அந்தக் கடைசிச் சத்தம் கேட்காமல் பாக்ஸை இன்ஜினோடு வைத்து போல்ட்டை இறுக்கினால் எண்ணெய் பம்பு உடைந்துபோகும், ஸ்டார்ட் பண்ணும் முன்பே. கடைசி டக் அவன் கையில்தான் விழுந்தது. இன்ஜின் பக்கத்தில் கன்வெர்ட்டரை மாட்டும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் இடைவெளி நின்றது, மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் சரி. முன்னால் தனிக் கூலரும் மீட்டரும் வைத்தோம்.

பைபாஸில் யாரோடும் போட்டி போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ரோட்டில் ரேஸ் விடுவது சட்டப்படியும் குற்றம், அதையும் தாண்டி அந்த ரோட்டில் அடிபட்டு சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை தளம் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான், தடம் கிடைக்கும் நாளில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் சோதனைக்கு ஏலகிரி போனோம். பங்குனி வெயில், காலை பதினோரு மணி, நான்கு பேர் வண்டியில். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவிலும் லாக் விட்டுவிடும், முதல் கியரில் ஏற வேண்டும், தெருவில் ஒரு கன்வெர்ட்டருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை நம் பக்கத்தில் இல்லை. அடிவாரத்தில் 84. ஐந்தாவது வளைவில் 93. ஒன்பதாவதில் முன்னால் ஒரு டெம்போ நின்று நின்று ஏறியது, 101க்குப் போனதும் தம்பி என் பக்கம் திரும்பிப் பார்த்தான், "ஓட்டுடா, ரோட்டைப் பாரு" என்றேன். மேலே போய் ஏரிப் பக்கம் நிறுத்தியபோது 104. இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டு ஆளுக்கொரு டீ குடித்தோம், டீ முடியும்போது 91 காட்டியது.